போன் உள்ளறையில், அறிவிப்பு கணினித் திரையில்: எப்படி வந்து சேர்கிறது?

சில மாதங்களுக்கு முன்பு போனை உள்ளறையில் சார்ஜில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, கணினி முன்னால் ஒரு நீண்ட வேலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்துபோய்ப் பார்த்தால் அக்காவிடமிருந்து நான்கு மெசேஜ். "வாசல்ல நிக்கிறேன், பெல் வேலை செய்யலையா?" என்பது முதலாவது. "சரி, கிளம்புறேன்" என்பது கடைசி. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் ஒரு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு வரியும் அதே திரையில் வந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே போன் அறிவிப்புகள் கணினியில் வரும்படி செய்துகொண்டேன். இதைச் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் "இந்த ஆப்பை இறக்குங்கள், இந்தப் பட்டனை அழுத்துங்கள்" என்றுதான் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் நின்றுபோனால் ஏன் நின்றது என்று தெரியாது. உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த ஆப் என்பது அவ்வளவு பெரிய கேள்வியே இல்லை. எங்கே அறுந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அறிவிப்பு எங்கே எழுதப்படுகிறது?

நோட்டிஃபிகேஷன் என்று நாம் சொல்லும் அறிவிப்பும் நமக்கு வந்த மெசேஜும் ஒன்றுதான் என்று தோன்றும். இரண்டும் வேறு. மெசேஜ் ஆப்பின் சொத்து, ஆப்புக்குள்ளேயே இருக்கும். "இப்படி ஒன்று வந்திருக்கிறது" என்று அந்த ஆப் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, போனின் இயங்குதளத்திடம் கொடுக்கிறதே, அதுதான் அறிவிப்பு. ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ அந்தச் சீட்டை வாங்கித் திரையின் மேலே தொங்கவிட்டு, மணியடித்து, அதிர வைக்கிறது. சீட்டில் இருப்பது கொஞ்சம்தான்: எந்த ஆப், யார் பெயர், இரண்டு வரி செய்தி, ஒரு சின்னப் படம், கீழே ஒன்றிரண்டு பட்டன்.

மெசேஜ் வந்தது அந்த ஆப்புக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு ஆப்பும் நிமிஷத்துக்கொரு தடவை தன் சர்வரிடம் போய் "எனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. அதற்குத்தான் 'புஷ்' என்ற முறை வந்தது. ஆப்பிள் 2009-ல் ஐபோன் ஓஎஸ் 3 உடனும், கூகுள் 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2 உடனும் அதைக் கொண்டுவந்தன. போன் ஒரே ஓர் இணைப்பை மட்டும் ஆப்பிள் அல்லது கூகுளின் சர்வரோடு எந்நேரமும் திறந்து வைத்திருக்கும். எல்லா ஆப்களுக்கும் வேண்டிய தகவல் அந்த ஒரே வழியில் வரும். வந்ததும் உரிய ஆப் தட்டி எழுப்பப்படும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் மெசேஜ் முழு வழியும் பூட்டியே வருகிறது. அனுப்பியவர் போனில் பூட்டப்படுகிறது, உங்கள் போனில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் சர்வர் எதற்கும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "வாசல்ல நிக்கிறேன்" என்ற எழுத்துகள் அக்காவின் போனை விட்டுக் கிளம்பிய பிறகு, மறுபடி படிக்கக்கூடிய வடிவில் தோன்றுவது என் போனுக்குள்தான். ஆப் எழுந்து, பூட்டைத் திறந்து, அதை அந்தத் துண்டுச் சீட்டில் எழுதுகிற அந்த நொடியில்தான்.

அதனால் கூகுளிடமோ ஆப்பிளிடமோ போய், "என் போனுக்குக் கொடுத்ததையே என் கணினிக்கும் ஒரு பிரதி கொடு" என்று கேட்டுப் பயனில்லை. இப்படிப் பூட்டி வரும் மெசேஜுக்கு அவர்கள் கையில் அந்தச் சீட்டே கிடையாது. சீட்டு வேண்டுமென்றால் போனிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வழிகள், இரண்டும் வேறு

கணினிக்கு அறிவிப்பு வர இரண்டு வழிகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரே மெசேஜுக்கு இரண்டு தடவை மணியடிக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வழியில் போனுக்கு வேலையே இல்லை. சேவை தருபவரே கணினிக்குத் தனியாக ஒரு பிரதி அனுப்புகிறார். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து அறிவிப்புக்கு அனுமதி கொடுத்தால் கணினியில் மணியடிப்பது இப்படித்தான். டெலிகிராமின் கணினி ஆப்பும் இப்படித்தான். வாட்ஸ்அப்பின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 2015-ல் வாட்ஸ்அப் வெப் வந்தபோது அது போனின் நிழல் மாதிரி இருந்தது. போனில் இணையம் போனால் கணினியிலும் போய்விடும். 2021 வாக்கில் கணினியைத் தனிக் கருவியாகவே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள். இப்போது போனை அணைத்து வைத்திருந்தாலும் கணினிக்கு மெசேஜ் வரும். போனோடு நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம். போனை 14 நாளுக்கு மேல் தொடவே இல்லை என்றால் மட்டும் மற்ற கருவிகள் வெளியே தள்ளப்படும்.

இந்த வழி உறுதியானது. ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகச் செய்துகொள்ள வேண்டும். கணினிக்கென்று எதுவுமே தராத ஆப்கள் ஏராளம். வங்கி ஆப், கதவு கேமரா, மருந்து நேரத்தை நினைவூட்டும் ஆப், குழந்தையின் பள்ளி ஆப் என்று நீளும் பட்டியலில் பல, போனில் மட்டுமே வாழ்பவை. எஸ்எம்எஸ், மிஸ்டு கால் இரண்டும் சிம்முக்கு வருபவை. சிம் இருப்பது போனில். கூகுள் மெசேஜஸை பிரவுசரில் திறந்து எஸ்எம்எஸ் பார்க்கும் வசதி 2018 முதல் இருக்கிறது, ஆனால் போன் உயிரோடு இணையத்தில் இருந்தால்தான் அது ஓடும்.

இரண்டாவது வழிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். போனில் தொங்கும் சீட்டைப் படித்து, கணினிக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கேயும் ஒன்றைத் தொங்கவிடுவது. எந்த ஆப்பின் சீட்டு என்று கேள்வியே இல்லை. போனில் தெரிவதெல்லாம் கணினியிலும் தெரியும். இதற்கு மூன்று பேர் வேண்டும். போனில் சீட்டைப் படிக்க ஒருவர், வழியில் சுமந்து செல்ல ஒருவர், கணினியில் காட்ட ஒருவர். இந்த மூவரை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆண்ட்ராய்டில் படிப்பவர்

சாதாரணமாக ஓர் ஆப்புக்கு இன்னோர் ஆப்பின் சீட்டைப் பார்க்கும் உரிமை கிடையாது. ஆண்ட்ராய்டு 4.3-ல், 2013-ல், கூகுள் இதற்கென்று ஒரு தனிக் கதவு திறந்தது. நீங்களாகப் போய் அனுமதி கொடுத்தால், அந்த ஒரே ஓர் ஆப் மட்டும் எல்லாச் சீட்டுகளையும் படிக்கலாம். ஸ்மார்ட் வாட்ச்சின் ஆப் உங்களிடம் கேட்பதும் இதே அனுமதிதான். செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன் ஆக்செஸ்' என்றோ அதையொட்டிய வேறு பெயரிலோ இருக்கும். போனுக்குப் போன் இடம் மாறுவதால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'நோட்டிஃபிகேஷன்' என்று தட்டிப் பார்ப்பதே சுலபம்.

அந்த அனுமதி கிடைத்த ஆப் படிப்பதோடு நிற்பதில்லை. சீட்டைக் கழற்றவும் அதனால் முடியும். கணினியில் ஓர் அறிவிப்பை மூடினால் போனிலும் அது மறைந்துவிடுகிறதே, அது இதனால்தான். என் அனுபவத்தில் இந்த வசதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாயங்காலம் போனை எடுத்தால் ஏற்கெனவே பார்த்த முப்பது அறிவிப்புகளை மறுபடி தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பதில் அனுப்புவது எப்படி நடக்கிறது என்று பலருக்கும் ஆச்சரியம். கணினியில் வாட்ஸ்அப்பே இல்லை, ஆனால் அறிவிப்புக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் தட்டினால் அக்காவுக்குப் போய்விடுகிறது! ஆண்ட்ராய்டு 7.0-க்குப் பிறகு, 2016-லிருந்து, போன் அறிவிப்பிலேயே பதில் எழுதும் பட்டன் இருக்கிறது அல்லவா? ஆப் அந்தச் சீட்டை எழுதும்போதே, முகவரி எழுதிய ஒரு காலி உறையையும் அதனுடன் சேர்த்து வைத்துவிடுகிறது. யாருக்குப் போக வேண்டும் என்பது அந்த உறைக்குத் தெரியும். நீங்கள் கணினியில் தட்டியதைப் படிப்பவர் வாங்கி, அந்த உறைக்குள் போட்டு, வாட்ஸ்அப்பிடமே திருப்பிக் கொடுக்கிறார். அனுப்புவது வாட்ஸ்அப்தான், அதுவும் உங்கள் போனிலிருந்துதான். அதனால்தான் அறிவிப்பை மூடிவிட்டால் பதில் பெட்டியும் போய்விடுகிறது. சீட்டோடு உறையும் குப்பைக்குப் போய்விட்டது.

ஐபோனில் கதை வேறு

ஐபோனில் அப்படி ஒரு கதவே இல்லை. எந்த ஆப்பும், நீங்களே விரும்பினாலும், மற்ற ஆப்களின் அறிவிப்பைப் படிக்க முடியாது. 'ஐபோன் அறிவிப்புகளை எந்தக் கணினிக்கும் அனுப்பும் ஆப்' என்று யாராவது விற்றால் அதை இறக்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஆனால் ஐபோனின் இயங்குதளமே ப்ளூடூத் வழியாகச் சீட்டுகளை வெளியே வாசித்துக் காட்டும் ஓர் ஏற்பாடு 2013-ல் ஐஓஎஸ் 7-லிருந்து இருக்கிறது. கைக்கடிகாரங்களுக்காகச் செய்தது. ஐபோனை விண்டோஸ் 11-உடன் இணைக்கும் வசதியை 2023-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தபோது அதற்கும் ப்ளூடூத்தையே பிடித்துக்கொண்டது. ஜோடி சேர்த்த பிறகு, ஐபோனின் ப்ளூடூத் பக்கத்தில் கணினியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன 'i' வட்டத்தைத் தொட்டால் 'ஷேர் சிஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட மறந்துவிட்டு, "எல்லாம் செய்தேன், ஒன்றும் வரவில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வழி நேர். 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவும் ஐஓஎஸ் 18-ம் சேர்ந்தால், 'ஐபோன் மிரரிங்' என்ற வசதியை ஒருமுறை அமைத்துவிட்ட பிறகு, ஒரே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபோனின் அறிவிப்புகள் மேக்கில் தாமாகவே வரும். எந்த ஆப் மேக்கில் தெரியலாம், எது கூடாது என்பதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சுமந்து செல்லும் வழி

வழிகள் மூன்று. வீட்டு வைஃபைக்குள்ளேயே போனும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்வது ஒன்று. சீட்டை இணையத்தில் உள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து கணினி எடுத்துக்கொள்வது இரண்டாவது. ப்ளூடூத் மூன்றாவது, அறை தாண்டினால் தடுமாறும்.

வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வழியில், சீட்டு உங்கள் ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. இணையம் துண்டித்திருந்தாலும்கூட மிஸ்டு கால் அறிவிப்பு கணினிக்கு வரும். ஆனால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் தொடர்பு அறுந்துவிடும். சர்வர் வழியில் நீங்கள் எங்கே இருந்தாலும் வரும். அதற்கு விலையாக, அந்தச் சர்வரை நடத்துபவரை நம்ப வேண்டும். நினைவிருக்கிறதா, பூட்டி வந்த மெசேஜ் போனில் திறக்கப்பட்டுவிட்டது. சீட்டில் இருப்பது வெறும் எழுத்து. அதை மறுபடி பூட்டித்தான் எடுத்துப்போகிறார்களா என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆப்பைப் பொறுத்தது. எனக்கு வாய்ப்பிருக்கும் வரை வீட்டு வைஃபை வழிதான்.

செய்து பார்ப்போம்

விண்டோஸும் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பவர்கள் பலருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் 'போன் லிங்க்' என்ற ஆப் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2018-ல் 'யுவர் போன்' என்ற பெயரில் வந்து, 2022-ல் இந்தப் பெயருக்கு மாறியது. கணினியில் ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். போனில் 'லிங்க் டு விண்டோஸ்' என்ற ஆப் வேண்டும். சில போன்களில் அது ஏற்கெனவே இருக்கும். கணினியில் ஒரு க்யூஆர் கோடு காட்டும், போனால் அதை ஸ்கேன் செய்தால் இரண்டும் இணைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கு அவசியம். அடுத்தடுத்து போன் சில அனுமதிகளைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்பு மட்டும் போதும் என்றால் அறிவிப்பைப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு, படங்கள், தொடர்புகள், அழைப்புகளுக்கு மறுத்துவிடலாம். பிறகு வேண்டுமென்றால் கொடுத்துக்கொள்ளலாம்.

நான் பயன்படுத்துவது கேடிஇ கனெக்ட். 2013-லிருந்து வளர்ந்துவரும், மூல நிரல் திறந்திருக்கும் இலவச ஆப். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் பிறந்தது என்றாலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். போனிலும் கணினியிலும் நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்துத் திறந்தால், ஒன்று மற்றொன்றைத் தானாகவே கண்டுபிடித்துப் பெயரைக் காட்டும். ஒரு பக்கம் 'பேர்' (Pair, ஜோடி சேர்) என்று கேட்டு, மறுபக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டு திரையிலும் ஒரே குறியீடு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வேறு யாரும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதன்பின் போவதெல்லாம் பூட்டித்தான் போகும். க்னோம் திரை பயன்படுத்தும் லினக்ஸ்காரர்களுக்கு ஜிஎஸ்கனெக்ட் என்ற நீட்சி இதே வேலையைச் செய்கிறது. கேடிஇ கனெக்ட்டின் ஐபோன் பதிப்பில் மட்டும் அறிவிப்பு வராது. காரணம் மேலே சொன்னதுதான், அங்கே படிக்கக் கதவு இல்லை.

எதை உள்ளே விடுவது?

இணைத்த முதல் நாள் எல்லா அறிவிப்பும் கணினியில் வந்து கொட்டும். தள்ளுபடி விளம்பரம், விளையாட்டு ஆப்பின் கூவல், 'உங்கள் போனில் இடம் குறைகிறது' என்ற எச்சரிக்கை என்று எல்லாமே. அன்று மாலையே "இது தொல்லை" என்று அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அணைக்காதீர்கள், வடிகட்டுங்கள். போன் லிங்க்கின் செட்டிங்ஸிலும் கேடிஇ கனெக்ட்டின் அறிவிப்புப் பகுதியிலும் ஆப்களின் நீண்ட பட்டியல் இருக்கும். எல்லாவற்றையும் முதலில் ஒட்டுமொத்தமாக அணையுங்கள். பிறகு, "இது வந்தால் கை வேலையை விட்டு எழுந்திருப்பேனா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆமென்றால் மட்டும் போடுங்கள். என் பட்டியலில் கடைசியில் மிஞ்சியது ஐந்து: அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், காலண்டர், அம்மாவின் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப்.

கணினியில் ஏற்கெனவே வாட்ஸ்அப்பைத் தனியாக வைத்திருந்தால் இங்கே அதை அணைத்துவிடுங்கள். இரட்டை மணி அதோடு தீர்ந்தது. கேடிஇ கனெக்ட்டில், போனின் திரை அணைந்திருக்கும்போது மட்டும் அனுப்பு என்றும் ஒரு வசதி உண்டு. போன் கையில் இருக்கும்போது கணினியும் சேர்ந்து கத்தாது.

யார் கண்ணில் படும்?

ஒருமுறை இணையவழிக் கூட்டத்தில் என் திரையைப் பகிர்ந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. ஒரு நண்பர் தன் பரிசோதனை முடிவைப் பற்றி எனக்கு மட்டும் எழுதிய வரி. மூன்று, நான்கு நொடிதான் இருந்திருக்கும். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் படித்திருப்பார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் நானே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

போனில் நம் கண்ணுக்கு மட்டும் தெரிவது, கணினித் திரைக்கு வந்ததும் பின்னால் நிற்பவருக்கும், ப்ரொஜெக்டருக்கும், கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். விண்டோஸ் 11-ல் திரையை ப்ரொஜெக்டருக்கு அப்படியே பிரதியெடுத்துக் காட்டும்போது அறிவிப்புகளைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு 'டூ நாட் டிஸ்டர்ப்' பகுதியில் இருக்கிறது. ஆனால் இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிர்வது வேறு விஷயம். அதற்கு அதை நம்பியிருக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் கையால் ஒருமுறை 'டூ நாட் டிஸ்டர்ப்' போடுவதை நான் இப்போது பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். முழுத் திரையைக் காட்டாமல் ஒரு ஜன்னலை மட்டும் பகிர்வது இன்னும் நல்லது. கேடிஇ கனெக்ட்டில் குறிப்பிட்ட ஆப்புக்கு உள்ளே இருக்கும் வரிகளை மறைத்து, 'இந்த ஆப்பில் ஏதோ வந்திருக்கிறது' என்று மட்டும் காட்டவும் முடியும்.

ஓடிபி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கணினித் திரையிலேயே பார்த்துத் தட்டுவது மிகவும் வசதிதான். ஆனால் ஓடிபி எதற்காக இருக்கிறது? உங்கள் பாஸ்வேர்டை ஒருவர் திருடிவிட்டாலும், உங்கள் போன் அவர் கையில் இல்லாததால் உள்ளே வர முடியாது என்பதற்காக. ஒரு பூட்டின் சாவி கணினியில், இன்னொரு பூட்டின் சாவி போனில். அறிவிப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தால் இரண்டு சாவியும் ஒரே மேசையில் வந்துவிடுகின்றன. கணினியில் வேவு பார்க்கும் நிரல் ஏதாவது புகுந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். இதே காரணத்தால்தான், முகம் தெரியாத ஓர் ஆப் 'நோட்டிஃபிகேஷன் ஆக்செஸ்' கேட்டால் மறுத்துவிட வேண்டும். அதற்கு அந்த அனுமதி கொடுப்பது, உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியையும் படித்துக்காட்டுவதற்குச் சமம்.

ஆண்ட்ராய்டே இப்போது இதில் கண்டிப்பாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 13-லிருந்து, ஸ்டோருக்கு வெளியே இருந்து நேரடியாக இறக்கிய ஆப்களுக்கு இந்த அனுமதியை அவ்வளவு சுலபமாகக் கொடுக்க விடுவதில்லை. ஆண்ட்ராய்டு 15-ல் ஓடிபி போலத் தெரியும் அறிவிப்பின் உள்ளடக்கத்தையே, போன் முழுமையாக நம்பாத ஆப்களிடமிருந்து மறைத்துவிடுகிறது. புதுப் போன் வாங்கிய பிறகு கணினியில் எல்லா எஸ்எம்எஸ்ஸும் வருகிறது, ஓடிபி வரும்போது மட்டும் 'உள்ளடக்கம் மறைக்கப்பட்டது' என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது என்றால், எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்தக் காவல்தான் வேலை செய்கிறது. எண்ணைப் போனிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியில் இதையெல்லாம் இணைக்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. அந்தக் கணினியை நிர்வகிப்பவர்கள் வேறு; உங்கள் குடும்பத்தின் வரிகள் அங்கே போய்க் கிடக்க வேண்டாம்.

நின்றுபோனால்

படிப்பவர், சுமப்பவர், காட்டுபவர் என்ற மூவரில் யார் நின்றார் என்று பாருங்கள்.

பெரும்பாலும் நிற்பவர் படிப்பவர்தான். காலையில் நன்றாக வரும். போனைத் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டால் வராது. போனைக் கையில் எடுத்துத் திரையைத் திறந்த மறு நொடி பத்து அறிவிப்பும் கணினியில் கூட்டமாக வந்து விழும். இந்த அறிகுறியைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரி சேமிப்புதான் காரணம். ஆண்ட்ராய்டு 6.0-லிருந்து, 2015-லிருந்து, சார்ஜில் இல்லாமல் அசையாமல் கிடக்கும் போன் பின்னணி ஆப்களைத் தூங்க வைத்துவிடுகிறது. சில நிறுவனங்களின் போன்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆப்பையே மூடிவிடுகின்றன. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்பதைத் தொட்டு, 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கணினியின் பெயரே போனில் தெரியவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. போன் ஒரு வைஃபையிலும் கணினி வேறொன்றிலும் இருக்கலாம். ஒரே ரௌட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஆளுக்கொன்றாக இருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் விருந்தினர் வைஃபை பொதுவாகக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவே விடாது. கணினியின் இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள். கணினியின் காவல் நிரலான ஃபயர்வால் குறுக்கே நின்றால், கேடிஇ கனெக்ட்டுக்கு 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை, அதாவது தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை, அதில் திறந்துவிட வேண்டும்.

இணைப்பு இருக்கிறது, ஆப்பைத் திறந்தால் உள்ளே அறிவிப்பும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் திரையின் மூலையில் எழவில்லை என்றால் காட்டுபவர்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். விண்டோஸ் 11-ல் விண்டோஸ் பட்டனோடு 'N' எழுத்தை அழுத்தினால் அறிவிப்புப் பலகை திறக்கும். அங்கே மணிச் சின்னத்தில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் செய்து முடித்த கையோடு ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்துவிட்டு, "வருகிறது" என்று எழுந்துவிடாதீர்கள். அப்போது போன் விழித்திருக்கும், எல்லாமே வரும். போனைச் சார்ஜரிலிருந்து கழற்றி, திரையை அணைத்து, மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தொடாதீர்கள். பிறகு வீட்டில் ஒருவரை அவர் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். போன் அதிர்வதும் கணினித் திரையின் மூலையில் அந்த வரி எழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தால், போனை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தலாம்.